பல்லுக்கொழுக்கட்டைக்கு வராத கப்பல்

கொழும்பிலிருந்து ஒரு கப்பல் வந்து சேராவிட்டால் என் மகளுக்கு முளைத்த முதற் பல் வீணாய்ப் போய்விடும் என்று நம்பியவன் நான். படித்தவன், கழுத்தில் ரை கட்டிக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்குப் போய்வந்தவன், அப்படியும் நம்பினேன். அந்தப் பல் நேற்றுப் பாண் துண்டைக் கடித்தபோது விழுந்துவிட்டது. இப்போது என் மேசையில் ஒரு நெருப்புப்பெட்டிக்குள் கிடக்கிறது. ஒரு அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இதற்காகவா லண்டனை ஒரு சுற்றுச் சுற்றினாய் என்று அது கேட்கிற மாதிரி இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அசையாமல் நிற்கும் பாரந்தூக்கிகள், வாசலில் குந்தியிருந்து தேநீர் குடிக்கும் மனிதர்கள். வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கிரிக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் ஊரில் பாணுக்கு வரிசையில் நின்று வளர்ந்த கூட்டம். எங்களுக்கு ஒரு சாமான் தட்டுப்பாடு என்றால் போதும், நாடு மாறினாலும் கால் தானாகவே வரிசையைத் தேடும். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் பெரியத்தான் ஒரு தீர்க்கதரிசி.

பெரியத்தான் என் மூத்த அக்காவின் கணவர், லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் குடியிருந்தார். ஒருகாலம் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால், உலகத்துக் கப்பல்கள் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நங்கூரம் போடுகின்றன என்ற மாதிரி ஒரு இருப்பு. அங்கே அவர் செய்த உத்தியோகம் வாசலில் சைக்கிள்களுக்கு இலக்கத் துண்டு கொடுப்பது என்று அக்கா ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். அதைக் கேட்டபின்னும் நான் அவரை நம்பினேன் என்பதுதான் என் தகுதி.

"தம்பி, கப்பல் வெளிக்கடலில நிண்டிட்டுது எண்டால் கதை முடிஞ்சுது. மார்கழியில நத்தாருக்கு முன்னம் ஒரு சாமானும் வராது. உந்த விளையாட்டெல்லாம் நான் பார்த்தனான்," என்றார், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடினால் அவருக்குக் கடல் தெரியும்.

அந்தக் கிழமை பார்த்து மகளுக்குப் பல் முளைத்தது. பல் வந்தால் கொழுக்கட்டை அவிக்க வேண்டும். அதன் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைச் சின்னக் கீற்றாக வெட்டிப் பல்லுப் போலக் குத்தி, பிள்ளையை இருத்தித் தலையில் கொட்ட வேண்டும். அவளுடைய முதல் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை என்று அக்கா செவன் கிங்ஸ் தமிழ்ச்சனம் முழுவதற்கும் சொல்லிவிட்டாள். வந்த சனத்துக்குக் கொழுக்கட்டை இல்லையென்றால் மகளின் கலியாணம்வரை அதையே கதைப்பார்கள். கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமா வேண்டும். அதுவோ கொழும்பிலிருந்து பக்கற்றில் வருவது.

ஒரு புத்திசாலி என்ன செய்வான்? நேரே கடைக்குப் போய் இரண்டு பக்கற் வாங்கி வருவான். நான் தொலைபேசியை எடுத்தேன். தெரிந்தவர் அத்தனைபேருக்கும், மா இனி வராதாம், உங்களிடம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டு, பெரிய காரியம் பார்த்த திருப்தியோடு மறுநாள் கடைக்குப் போனேன். தட்டு வெறுமையாய் இருந்தது.

"நேற்றுவரைக்கும் கிடந்தது அண்ணை," என்றார் கடைக்காரர். "ஆரோ ஒருத்தர் வீடு வீடாய் ரெலிபோன் அடிச்சுத் தட்டுப்பாடு எண்டு சொன்னவராம். சனம் விழுந்தடிச்சு வந்து அள்ளிக்கொண்டு போட்டுது."

"ஆர் அந்த விசரன்?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கமுதலே விளங்கிவிட்டது.

அதோடு விட்டேனா? வெறும் பயணப்பையைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறி மாறி லண்டனின் மறுகோடி விம்பிள்டனுக்குப் போனேன். அங்கே என்னோடு படித்த ஒருவர் மா வாங்கி வைத்திருந்தார். வாங்கச் சொன்னதே நான்தான். "உமக்குத் தந்திட்டு நாங்கள் என்ன செய்யிறது? நத்தார்வரைக்கும் வராதெண்டு நீர்தானே சொன்னனீர்?" என்று கேட்டு, ஒரு தேத்தண்ணி தந்து அனுப்பிவைத்தார்.

வெறும் பையோடு வந்து குசினியில் குந்தினேன். மனைவி பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டு திரும்பாமலே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அரிசிமா என்னத்தில செய்யிறது?"

"அரிசியில."

"அரிசி தட்டுப்பாடோ?"

அன்று கடையில் நின்று, மா இல்லையே என்று நான் புலம்பியபோது என் முழங்கை ஊன்றியிருந்தது ஒரு பச்சரிசி மூட்டையின் மேல். அதன் பின்னால் இன்னும் மூட்டைகள் கூரைவரை நின்றன. சில வருடப் பக்கற் வாழ்க்கையில், அரிசியை ஊறவைத்து இடித்தால் மா வரும் என்பது எங்கள் எல்லாருக்குமே மறந்துபோயிருந்தது.

அரிசி ஊறியது, கிரைண்டர் அலறியது, வறுத்த புகைக்குக் குசினியின் புகைமணியும் சேர்ந்து அலறியது. மனைவி மாச் சலிக்கும் அரிதட்டை என் மடியில் வைத்தாள். "அரியுங்கோ. வாயாலை இல்லை, கையாலை."

ஞாயிறன்று எல்லாரும் வந்தார்கள். எதைத் தொடுகிறாள் என்று பார்க்கப் புத்தகம், பேனா, சங்கிலி என்று முன்னால் பரப்பியிருந்த ஒன்றையும் மகள் தொடவில்லை. தலையிலிருந்து உருண்ட கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்தாள். பெரியத்தான் தட்டில் மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டார்.

"திறம் மா. எங்கயடா பிடிச்சனீ?"

"கப்பல் வந்திட்டுது அத்தான்," என்றேன் வேண்டுமென்றே.

"வந்திட்டுதோ?" முகம் கறுத்துப்போயிற்று. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் அவருடைய கார் இயங்கவில்லை என்று தள்ளப் போனேன். கராஜ் கதவைத் திறந்தால், ஒரு பக்கச் சுவர் முழுக்க அரிசிமாப் பக்கற். வண்டு பிடித்து, மா தானாகவே நடமாடிக்கொண்டிருந்தது.

"அவசரத்துக்கெண்டு வைச்சனான்," என்றார்.

"என்ரை பிள்ளையின்ரை பல்லுக்கொழுக்கட்டை அவசரம் இல்லையோ அத்தான்?"

"அது விசேஷமடா தம்பி. அவசரம் எண்டுறது வேற."

இந்த வசனத்தை மிஞ்ச ஒன்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மனிதர் திருந்தவுமில்லை. இன்று காலையும் தொலைபேசி எடுத்தார்: சீனிக்குத் தட்டுப்பாடு வரப்போகிறதாம். நான் இனி அவரை நம்புவதில்லை. இரண்டு பை மட்டும்தான் வாங்கி வைத்தேன்.

மகள் நெருப்புப்பெட்டியைக் கேட்கிறாள். பல்லைத் தலையணைக்கடியில் வைத்தால் தேவதை வந்து எடுத்துப் போகுமாம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொன்னார்களாம். நான் சிரிக்கவில்லை. பெரியத்தானை நம்பியவனுக்குத் தேவதையைப் பற்றிப் பேச என்ன வாய்?

கடைக்காரர் பின்னொருநாள் சொன்னது இவ்வளவுதான். எங்கள் மா வரும் கப்பல் வேலைநிறுத்தம் நடந்த துறைமுகத்துக்கு வருவதே இல்லை. அது அந்தக் கோடையிலும் வழமைபோல் வேறு துறைமுகத்துக்கு வந்தது, சாமானை இறக்கியது, போய்விட்டது.