மிக்ஸிக்கு அடியில்

பீர்க்கன்கரணை வீட்டுச் சமையல் மேடையை மாற்ற வந்த கொத்தனார் மிக்ஸியை நகர்த்தினார். அடியில் வெள்ளை மார்பிளில் பளபளப்பு போன ஒரு வட்டம். எனக்கு எலுமிச்சை வாசனை வந்தது.

நான் சிவில் படித்தவள். கருங்கல் அஸ்திவாரத்துக்கு, கடப்பா அலமாரித் தட்டுக்கு, கிரானைட் சமையல் மேடைக்கு, மார்பிள் பூஜை அறைக்கு என்பது என் பட்டியல். அப்பாவின் பட்டியலில் ஒரே கல்தான். "மார்பிள் போட்டா அரண்மனை மாதிரி இருக்கும்" என்று மேடைக்கே போட்டார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களை நேரே சமையலறைக்குத்தான் அழைத்துப்போனார்.

அன்று அத்தை சாதத்துக்குப் பிழிந்த எலுமிச்சை மூடிகளை மேடைமேலேயே விட்டுவிட்டாள். சாறு பட்ட இடம் மங்கிப்போனது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி. பாவம், ஆசையா போட்டாரு" என்று அம்மா மிக்ஸியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். அது பிறகு இடம் மாறவே இல்லை.

"இன்னா சார், புளிப்பு பட்டுகீது போல?" என்றார் கொத்தனார்.

"மெதுவா பேசுப்பா" என்றார் அப்பா. "வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா. வாராவாரம் நான்தான் தொடைச்சிட்டு மிக்ஸிய மேல வைக்கிறேன்."

சமையலறை வாசலில் நின்ற அம்மா சிரித்துவிட்டாள். அப்பா திரும்பவே இல்லை.

"கல்ல தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார் கொத்தனார்.

"வேணாம்ண்ணா, பூஜை ரூமுக்குப் போட்டுடுங்க" என்றேன்.

"அந்த வட்டத்துமேல குத்துவிளக்க வச்சிடலாம்" என்றாள் அம்மா.