சைக்கிளோடு நடந்த வேதசிரோமணி

வேதசிரோமணி தாம்பரத்தில் பூகோள வாத்தியார். எந்த நதி எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து புறப்பட்டு சேலையூர் வீட்டுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்பது மட்டும் அவருக்கே தெரியாது.

வழியில் கடலை வாங்குவார். தின்று முடித்ததும் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பார். தொடர்கதையின் நடுப்பக்கம் அகப்பட்டுவிட்டால் பாதி வழி அந்தக் கதாநாயகிக்காகவே கவலைப்படுவார். சவரக் கடை ரேடியோவில் பாட்டு வந்தால் முடியும்வரை நிற்பார். பாட்டு சுமாராக இருந்தால், அடுத்ததாவது நன்றாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நிற்பார்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவர் மனைவி ரத்தினபாயின் தம்பி தயாளன், போனஸ் வந்த சந்தோஷத்தில் அவருக்கு ஒரு புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். "அக்கா போட்டு வைக்கிற காபி தினம் ஆறிப்போகுது அத்தான். இனிமே சுடச்சுடக் குடிங்க."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட கால்மணியில் வேதசிரோமணி சைக்கிளில் வந்து இறங்கினார். ரத்தினபாய் பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

காபி சூடாகத்தான் இருந்தது. ஆனால் குடித்துக்கொண்டே சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"வழியில என்ன பார்த்தீங்க?" என்று அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ரோடு" என்றார்.

அன்றைக்கே அவருக்குச் சைக்கிள் சவாரி அலுத்துவிட்டது. அதற்காக மச்சான் ஆசையாக வாங்கித் தந்ததை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக முடியுமா? கூடவே அழைத்துப் போனார். ஒரு கை ஹாண்டில்பாரில், மறு கை கடலையில். ரேடியோ கேட்கும்போது சாய்ந்துகொள்ள சைக்கிளைப் போல் வசதி வேறு எதுவும் இல்லை என்பதையும் கண்டுபிடித்தார்.

வழியில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்தபாவுக்கு மண்டை குடைந்தது.

"இன்னா சார், பஞ்சரா?"

"இல்லையே."

"செயின் கயண்டுக்கிச்சா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு."

"பின்ன இன்னாத்துக்கு சார் தள்ளிகினே போறே?"

"துணைக்கு, முஸ்தபா."

முஸ்தபா அதற்குமேல் கேட்கவில்லை. டீ சொன்னார்.

ஊருக்குப் புதிதாக வந்த கான்ஸ்டபிள் வைத்தீஸ்வரன் அப்படி விடவில்லை. பளபளக்கிற சைக்கிள், ஏறாமல் தள்ளிக்கொண்டு போகிற ஆள். சந்தேகம் வந்துவிட்டது.

"உன்னுதுதான்னா ஏறி ஓட்டிக் காட்டு."

"கையில கடலை இருக்கு. கொஞ்சம் பொறுங்க, தின்னுடறேன்."

சந்தேகம் உறுதியாயிற்று. முஸ்தபா ஓடிவந்து சாட்சி சொன்னார். "அவுருக்கு நல்லா ஓட்டத் தெரியும் சார். புடிக்காது, அவ்ளோதான்." அதைக் கேட்டு கான்ஸ்டபிள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்த்தார். கடைசியில் ரத்தினபாயே வர வேண்டியதாயிற்று.

"இவராவது, திருடறதாவது. இவர் எடுத்துட்டு ஓடறதுக்குள்ள சைக்கிள்காரன் குளிச்சு சாப்பிட்டுட்டு வந்து பிடிச்சிடுவானே."

அது கான்ஸ்டபிளுக்கு நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டார். ஆனால் ரத்தினபாய்க்கு மானம் போய்விட்டது. ஊரே பார்க்கும்படி இவரை ஒரு தடவையாவது சைக்கிளில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கையாக வாங்கி ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு சைக்கிள் ரேஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவரைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டாள். அது ஸ்லோ சைக்கிள் ரேஸ் என்பது மைதானத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. காலைத் தரையில் ஊன்றாமல், கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்குப் பரிசு. நடுவர் முஸ்தபா. சபையில் யார் நடுவராக இருந்தாலும் சண்டை வரும் என்பதால் ஆயர் அவரை அழைத்திருந்தார்.

விசில் ஊதியதுமே பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். தானும் பேர் கொடுத்திருந்த தயாளன், ஏலத்துக்கு வைத்திருந்த வாழைத்தார்களின்மேல் போய் விழுந்தான். வேதசிரோமணி மட்டும் பாதி மைதானத்தில் தனியாக ஆடாமல் அசையாமல் வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டிருந்தார் என்பது கூட மரியாதைக்குச் சொல்வதுதான்.

பந்தல் பக்கமிருந்து பிரியாணி வாசனை கிளம்பியது. ரேஸ் முடிந்தால்தான் பந்தி.

"நீங்கதான் சார் ஜெயிச்சீங்க, இறங்கிடுங்க" என்றார் ஆயர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

"கோட்டைத் தொடாம எப்படி ஐயா?"

ரத்தினபாய் கோபமாகப் போய் அவர் பக்கத்தில் நடந்தாள். "எல்லாரும் பசியில என்னைத் திட்டறாங்க. என்னதான் பண்றீங்க?"

"மேல பாரு. அந்த மேகம் அப்படியே ஆப்பிரிக்கா. மடகாஸ்கர்தான் இன்னும் வரலை."

"யானை மாதிரில்ல இருக்கு."

"தும்பிக்கையை விட்டுட்டுப் பாரு."

அவள் விட்டுவிட்டுப் பார்த்தாள். ஆப்பிரிக்காதான். எதற்கு வந்தோம் என்பதையே மறந்து அண்ணாந்தபடி கூடவே நடந்தாள். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போது மேகத்தின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு பிய்ந்துகொண்டு வந்தது. முதலில் பார்த்தது அவள்தான்.

"ஏங்க, மடகாஸ்கர்."

"எங்கே?" என்று வேதசிரோமணி இரண்டு கையையும் விட்டார். சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

முஸ்தபா வருத்தத்தோடு விசில் ஊதினார். "கால் இன்னா சார், ஆளே தரையில கீறாரு."

ஆயர் யோசிக்கவே இல்லை. "பரிசு யாருக்கும் இல்லை, சாப்பாடு எல்லாருக்கும்" என்று அறிவித்துவிட்டுப் பந்தலுக்கு நடந்தார். ஜனங்கள் அவரையே முந்தினார்கள்.

சாயங்காலம் ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ரத்தினபாய் கேரியரில் உட்கார்ந்திருக்க, வேதசிரோமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தயாளன் தன் சைக்கிளில் முன்னால் போவதும், காணாமல் திரும்பி வருவதுமாக இருந்தான்.

"அத்தான், ஏறி மிதிங்களேன். பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்."

ரத்தினபாய் மேற்கே சிவந்துகொண்டிருந்த மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நீ போடா. நாங்க வர்றோம்."