முழுசு — எனிட்

ஹாத்தர்பி ஊரில் எனிட் ராம்ஸ்டனின் கையெழுத்துக்கு இருந்த மரியாதை பாதிரியாரின் பிரசங்கத்துக்குக்கூடக் கிடையாது. தேவாலயத்தார் நடத்தும் பழம்பொருள் கடைக்குத் தானமாக வரும் ஜிக்சா என்னும் துண்டுப்படப் புதிர்ப் பெட்டிகளை அவள்தான் பின்னறை மேசையில் அடுக்கிப் பார்ப்பாள். ஒரு துண்டும் குறையவில்லை என்றால் மூடியில் ‘முழுசு — எனிட்’ என்று எழுதுவாள். அதைப் பார்த்துத்தான் ஊரே வாங்கும். பதினேழு வருடமாக இதே வேலை. சம்பளம் இல்லை. திமிர் மட்டும் உண்டு, அதுவும் தாராளமாக.

குடிசையும் ரோஜாவும் போட்ட சுலபமான பெட்டியை வாங்குகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. மூடிப் படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்குகிறவர்களை அறவே பிடிக்காது. “காப்பி அடிக்கிறதுக்குப் பேரு பரீட்சையா?” என்பாள். ஆனால் இந்த மகராசியிடமே ஒரு கள்ளத்தனம் இருந்தது. அடுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு துண்டை எடுத்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். கூடமாட உதவுகிற ஐவி கடைசித் துண்டை வைத்துப் பெயர் வாங்கிவிடக் கூடாதே! அந்த ஊரில் பாதி வீடுகளில் நடக்கும் திருட்டுதான், யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பையில் காகிதம் பிரிந்து கிடக்கும் புதினா மிட்டாய்களோடு அந்தத் துண்டும் கிடக்கும்.

அக்டோபரில் இருபக்க ஜிக்சா ஒன்று வந்தது. ஐந்நூறு துண்டு. முன்னாலும் பட்டாணிப் படம், பின்னாலும் அதே பட்டாணி, கொஞ்சம் திருப்பி அச்சிட்டது. எது முகம், எது முதுகு என்று கண்ணுக்குத் தெரியாது. “எந்தப் பாவி இதைச் செஞ்சானோ!” என்றாள் ஐவி. எனிட் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவினாள். வெட்டுக்கத்தி இறங்கிய பக்கம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் சொரசொரக்கும். வழவழப்பெல்லாம் மேலே. ஒன்பதாம் நாள் ஒரே ஒரு ஓட்டை மிச்சம். அதற்கானதுதான் பையில் இருக்கிறதே என்று மூடியில் முதலிலேயே எழுதிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வில்ஃப்ரெட் பூத்ராய்ட் உள்ளே தலையை நீட்டினார். தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், சாது.

“எனிட்டம்மா, கஷ்டமானதா ஏதாவது இருக்கா?”

“உங்களுக்கா? கலங்கரை விளக்கப் படத்துக்கே மூணு மாசம் முக்குனீங்க. இது ரெண்டு பக்கமும் பட்டாணி. எதுக்கு இந்த விஷப்பரீட்சை?”

“மழை முடியறவரைக்கும் வீட்டுலதானே கிடக்கப்போறேன். செஞ்சு பாக்கறேனே.”

“செய்யுங்க, செய்யுங்க. கிறிஸ்துமஸுக்கு அழுதுக்கிட்டு வருவீங்க!” என்று சொன்ன சூட்டிலேயே எல்லாவற்றையும் கலைத்துப் பெட்டியில் வாரிப்போட்டு அவர் கையில் திணித்தாள்.

கிறிஸ்துமஸ்வரை ஆகவில்லை. மூன்றாவது வாரமே வந்தார். பலகையில் அடுக்கியபடியே ஏந்தி, மேலே மேசைத்துணி போர்த்தி. “ஒண்ணு குறையுதும்மா.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பாதிரியார் ஹாலமும் அங்கேதான் நின்றிருந்தார். தானமாக வரும் துணிகளை மடிக்க அந்தப் பின்னறை மேசை வேண்டும் என்று போன மாதமே கேட்டிருந்தார். ‘உங்க கையெழுத்து ஒரு தடவை பொய்யாகட்டும், அப்புறம் மேசை எங்களுக்கு’ என்று சிரித்தபடி சொல்லியிருந்தார். எனிட் அன்று சிரிக்கவில்லை.

“சோபாவுக்கு அடியில பாத்தீங்களா? நாய் வயித்துல பாத்தீங்களா?”

“நாய் செத்து நாலு வருஷமாச்சும்மா.”

“அப்ப கால்சட்டை மடிப்புல பாருங்க! சுத்தமா வேலை செய்யத் தெரியாதவங்களுக்கெல்லாம் ஜிக்சா ஒரு கேடு!”

அந்த மனிதர் நிஜமாகவே குனிந்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். கத்தியதில் தொண்டை வறண்டு, எனிட் மிட்டாய்க்காகப் பைக்குள் கையை விட்டாள். விரலில் ஏதோ பட்டது. கட்டைவிரல் தானாகத் தடவியது. ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் சொரசொர.

‘என்கிட்டதான் இருக்கு’ என்று சொன்னால் போதும். பதினேழு வருடம் போய்விடும், மேசையும் போய்விடும். கைக்குட்டையோடு சேர்த்துத் துண்டையும் உருவிக் கீழே நழுவவிட்டாள்.

“இதோ! உங்க காலடியிலயே கிடக்கு! நான் சொன்னேனா இல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்துவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கம் நகர்ந்தார். வில்ஃப்ரெட்டின் காதெல்லாம் சிவந்தது. “மன்னிச்சுக்கம்மா, வயசாயிடுச்சு” என்று துண்டைப் பொறுக்கினார். அது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எனிட்டின் பையைப் பார்த்தார்.

“ஆனா பாருங்க எனிட்டம்மா,” என்றார் மெதுவாக, “எங்க வீட்டுப் பட்டாணியில புதினா போடறதில்லையே.”

முதலில் புரிந்தது ஐவிக்குத்தான். வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. வில்ஃப்ரெட் துண்டை அவளிடம் நீட்டினார். “நீங்க வைங்க.”

பதினேழு வருடத்தில் முதல் தடவையாகக் கடைசித் துண்டை ஐவி வைத்தாள், எனிட் பார்த்துக்கொண்டே இருக்க. பாதிரியார் அலமாரியிலிருந்து திரும்பி வந்து, மேசை எத்தனை அடி நீளம் என்று கேட்டார்.