வானத்தப்பனைக் கேலி செய்தேன்

ஒரு கிரேக்கக் கடவுள் எனக்குச் சாபம் விட்டுவிட்டார் என்று நான் நம்பினேன். நம் ஊர்ச் சாமிகளில் ஒருவருக்கும் பயப்படாத ஆள் நான். சனிப்பெயர்ச்சியன்று கோழி பிரியாணி தின்றவன். அப்படிப்பட்டவன், நாற்பத்தெட்டு வயதில், ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் என் வீட்டு கராஜ் வாசலில் மழையில் நின்று, வானத்தைப் பார்த்து ‘சாரி’ சொன்னேன். எனக்குக் கிரேக்கம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. பொதுவாக ஆங்கிலம் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு.

சங்கதி இதுதான். த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு வாடகை மண்டபத்தில் எங்கள் ஊர்த் தமிழர்களின் ஆண்டுவிழா. பல வருடங்களாக மேடையில் மைக் என் கையில்தான். அந்த முறை பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும், உலகம் எப்படித் தோன்றியது என்று. என் மகன் பள்ளியில் கிரேக்க, ரோமப் பழங்கதைகளை ஒரு பாடமாகவே படிக்கிறான். மற்றவர்கள் சிவன், பிரம்மா என்று போக, அவன் யுரேனஸைப் பிடித்தான். வானம்தான் அந்தக் கடவுள். பூமி அவர் மனைவி. பெற்ற பிள்ளைகளை வெளியே விடாமல் அவள் வயிற்றுக்குள்ளேயே திணித்து அழுத்துகிறார். வலி பொறுக்காத தாய் ஓர் அரிவாளைச் செய்து கடைசி மகன் கையில் கொடுக்கிறாள். அவன் பதுங்கியிருந்து அப்பனின் உறுப்பை அடியோடு அறுத்துக் கடலில் வீசுகிறான். அங்கே பொங்கிய நுரையிலிருந்து காதல் தேவதை எழுந்து வருகிறாள்.

இதை என் மகன் தன் நொண்டித் தமிழில், “அப்பாவோட அதை கட் பண்ணி, கடல்ல தூக்கிப் போட்டாங்க” என்று முடித்தான். முன்வரிசை மாமிகள் சுவரைப் பார்த்தார்கள். நான் மைக்கை வாங்கினேன்.

“கவலைப்படாதீங்க. இனிமே அவருக்கு சைக்கிள் ஓட்டுறது சுலபம்.”

சிரித்த சிரிப்பில் ஒரு நாற்காலி சாய்ந்தது. நல்ல ஜோக்தான், இப்போதும் சொல்கிறேன்.

சில வாரங்கள் கழித்துக் குளிக்கும்போது இடது விரையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு, கல் மாதிரி. வலி இல்லை. போனில் தேடினால் புற்றுநோயாக இருக்கலாம் என்றது. அதற்குச் சாபமே பரவாயில்லை என்று தோன்றியது. சாபத்துக்குப் பரிகாரம் உண்டு. ஆக்லாந்தில் யுரேனஸுக்குக் கோயில் இல்லாததால்தான் கராஜ் வாசல். நனைந்து நின்றவனை மனைவி உள்ளே இழுத்துப்போய் விசாரித்தாள். மறுநாளே டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

தெரிந்த தமிழ் முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று, பாலம் தாண்டி வடகரையில் ஒரு ஸ்கேன் மையத்தைத் தேடிப் பிடித்தேன். இந்த ஊரில் மருத்துவ வேலை பார்க்கும் தமிழர்களிடமிருந்து தப்பிக்க ஒரு பாலம் போதாது. துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஸ்கேன் எடுக்க வந்த பெண் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாழ்ப்பாணத் தமிழில் ஆரம்பித்தாள்.

“அண்ணை, நீங்கள்தானே விழாவிலை அந்த சைக்கிள் பகிடி சொன்னது?”

“ஆமாம்மா.”

“எங்கட வீட்டிலை இப்பவும் சொல்லிச் சிரிக்கிறனாங்கள்.”

சிரித்துக்கொண்டேதான் கருவியை நகர்த்தினாள். அது ஓரிடத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது. திரையில் எதையோ அளந்தாள், படம் எடுத்தாள், மறுபடி அளந்தாள். ஒன்றும் இல்லைதானே என்று கேட்டேன்.

“டொக்டர் உங்களோடை கதைப்பார், அண்ணை.”

அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. மண்டபமே சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் நான் சமாளித்திருக்கிறேன். இந்த ஒருத்தி நிறுத்தியதைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அந்த விரையையே எடுத்துவிட வேண்டும், எடுத்துப் பரிசோதித்தால்தான் என்னவென்று உறுதியாகும் என்றார்கள். ஆபரேஷன் அன்று மனைவி கார் ஓட்டினாள், மகன் பின் சீட்டில். அரிவாள் செய்து கொடுத்தவளும் அறுத்தவனும் ஒரே காரில் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே காட்டாமல், அறுத்த பிறகு அந்த வானத்தப்பன் செத்துவிட்டாரா என்று மகனிடம் கேட்டேன். அவன் போனிலிருந்து தலையை எடுக்காமல் ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது:

“கடவுள்ப்பா, சாக முடியாது. அதுக்கப்புறம் கதையில அவருக்குப் பெரிசா வேலை இல்லை. அவ்வளவுதான்.”

மனைவி கண்ணாடி வழியாக அவனை முறைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவன், நான் உங்களைச் சொல்லலை என்றான். அது முன்னதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த ஆண்டுவிழாவில் எனக்கு ஓய்வு வேண்டும் என்று மைக்கை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடமும் அவரே.

சாபம் எதுவும் இல்லை. புற்றுநோய். இடது விரையை எடுத்துவிட்டார்கள், வேறெங்கும் பரவியிருக்கவில்லை. கையில் தட்டுப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்டி வளரத் தொடங்கியிருக்கும் என்றார் டாக்டர். நான் மேடையில் சைக்கிளைப் பற்றிச் சொன்னபோது அது அங்கேதான் இருந்தது.