பத்து நொடியில் மூன்று

கடத்தூர்ப் பக்கம் கிருஷ்ணப்பன் பட்டுப்புழு மையம் நடத்துகிறார். முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுப் புழுக்களைப் பத்து நாள் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நாளும் அறைச் சூடு இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது, அதிகம் குறையவும் கூடாது. பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவள் தீர்த்தம்மாள். சூடு பார்க்க முழங்கையின் உள்பக்கத்தைப் புழுத் தட்டுகளுக்கு மேலே நீட்டுவாள். ஹீட்டரைப் போடுவாள், சற்றுப் பொறுத்து அணைப்பாள். புழு வாங்க வருகிறவர்கள், "தீர்த்தக்கா கை பட்ட தட்டாப் பார்த்துக் குடுங்க" என்பார்கள். அவளுக்குச் சம்பளத்தைவிட அந்தப் பேச்சு பெரிது.

தை மாதம் ஜாஸ்மின் வந்தாள். டிப்ளமோ படித்தவள், வயது இருபத்திரண்டு. ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி, தட்டுகளுக்கு நடுவே சூடு அளக்கும் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டாள். அடுத்த முறை புழு வாங்க வந்தவர்களிடம், "புழு இவ்வளவு சீரா வந்தது இந்தப் பொண்ணோட வேலைங்க" என்றார் கிருஷ்ணப்பன். மூலையில் இலை நறுக்கிக்கொண்டிருந்த தீர்த்தம்மாளின் கத்தி பலகையில் பலமாக விழுந்தது.

பெட்டியின் சிவப்பு விளக்கு ஹீட்டரோடு சேர்ந்து எரிவதும் அணைவதுமாக இருந்தது.

"என்ன பாப்பா, உன் பெட்டிக்குக் கண்ணு வலியா? இப்படிச் சிமிட்டுது" என்றாள் தீர்த்தம்மாள்.

ஜாஸ்மின் சிரித்தாள். "ஹீட்டருக்கு எரியத் தெரியும், அணையத் தெரியும், அவ்வளவுதாங்கக்கா. பாதி எரியத் தெரியாது. பத்து நொடியில மூணு நொடி போட்டு ஏழு நொடி அணைச்சா அறைக்கு அது இளஞ்சூடு. நாலு நொடி போட்டா இன்னுங் கொஞ்சம் கூட."

"அதையேதான நானும் செஞ்சேன்?"

"ஆமாங்கக்கா. நீங்க பத்து நிமிசத்துல செஞ்சத இது பத்து நொடியில செய்யுது."

அதுதான் தீர்த்தம்மாளை எரித்தது. தெரியாத வித்தை ஏதாவது என்றால் தாங்கியிருப்பாள். தன் வேலையையே, தன்னைவிடச் சீராக, முழங்கைகூட இல்லாத ஒன்று செய்துகொண்டிருந்தது. பேர் மட்டும் அந்தப் பெண்ணுக்கு.

மறுநாள் மதியம் ஜாஸ்மின் சாப்பிடப் போனதும் தீர்த்தம்மாள் சென்சார் மேல் ஈரத் துணியைச் சுற்றினாள். அறை குளிர்ந்துவிட்டது என்று நம்பிய பெட்டி, விளக்கை அணைக்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் முழங்கையில் சூடு சுள்ளென்று உறைத்தது. புழுக்கள் இலையை விட்டுத் தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்தன. புழுவுக்கே ஆபத்தாகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஓடிப்போய்த் துணியை உருவினாள், ஹீட்டரை அணைத்தாள், கதவைத் திறந்துவிட்டாள்.

அதற்குள் ஜாஸ்மின் போனில் வந்த எச்சரிக்கையைப் பார்த்தபடி ஓடி வந்தாள். பின்னாலேயே கிருஷ்ணப்பன்.

"ஹீட்டர் நிக்காம ஓடியிருக்குங்கய்யா. சென்சார நான் சரியா மாட்டல. என் தப்புதான்."

இந்த வார்த்தைக்காகத்தான் தீர்த்தம்மாள் துணியை நனைத்தாள். காதில் விழுந்தபோது இனிக்கவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனை தட்டுப் புழு செத்திருக்கும்! ஒவ்வொரு முறையும் இலையைச் சொன்னாள், மழையைச் சொன்னாள். தன் தப்பு என்று ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு அதுவும் சுலபமாக வருகிறது.

அந்தப் பெருமையையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அவ தப்பில்லைங்க. நாந்தான் ஈரத் துணியச் சுத்துனேன்."

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தார். ஜாஸ்மின், "ஏங்கக்கா?" என்றாள்.

தீர்த்தம்மாள் முழங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டினாள்.

"கதவ மூடாதீங்க. இன்னும் ரெண்டு டிகிரி எறங்கணும்."

ஜாஸ்மின் பெட்டியில் தெரிந்த எண்ணைப் பார்த்தாள். முப்பது. "ரெண்டுதாங்கக்கா" என்றாள்.