வாசலில் நின்று அவர் கேட்ட கேள்வி

சாட்சி என்றாலே வியாதி போனது, கடன் தீர்ந்தது என்று முடிய வேண்டும் என்று நானும் நினைத்திருந்தவள்தான். என்னுடையது அப்படி முடியாது. ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அவர் கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கிருபா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். என் கணவர் சேகர் வேறொரு கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷனில் இருந்தார். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி.

2005ஆம் வருஷம். உறவுக்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் என்று இவர் வேலூருக்கு ரத்தம் கொடுக்கப் போனார். நல்ல காரியம் செய்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கம்பெனி ஆபீஸுக்குப் போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறது, ஈரலைத் தின்கிற கிருமி என்றார்கள். அந்தப் பெயரையே நாங்கள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "குடிப்பீங்களா?"

"இல்ல சார். நாங்க சபைக்குப் போறவங்க."

"முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிது, 1992. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவரை ஹைவேயில் லாரி தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. அப்போது பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்தக் கிருமியைப் பார்க்கிற சோதனை பரவலாக வரவில்லை, அதில் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ரத்தத்துக்காக நாங்கள் சபையில் நன்றிக் காணிக்கை வைத்தவர்கள். பதின்மூன்று வருஷமாக அது உள்ளே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

வைத்தியம் ஆரம்பித்தது. வாரம் ஓர் ஊசி, தினமும் மாத்திரை, ஏறக்குறைய ஒரு வருஷம் போட வேண்டும் என்றார்கள். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கா இம்மாம் யோசன பண்ணே? கொண்டாந்து வெய்யி" என்று, கறி வைக்கிற தட்டைக் காலி செய்து, கழுவி, மருந்துக்கு இடம் கொடுத்தார்கள்.

ஊசி போட நானே கற்றுக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் போடுவேன். ராத்திரிக்குள் காய்ச்சல் வந்துவிடும். ஞாயிறு முழுவதும் கம்பளிக்குள் கிடந்து நடுங்குவார். ஆராதனைக்கு வர முடியாது. முடி கொட்டியது. சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்றார். இதையெல்லாம் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாங்களும் தாங்கிக்கொண்டோம்.

தாங்க முடியாதது அதற்கப்புறம் வந்தது.

தோல் வெட்டுகிறவருக்குக் கண் வேண்டும். தோலில் இருக்கிற தழும்பு, கீறலை ஒதுக்கிவிட்டுத்தான் வெட்டுகிற அச்சை வைக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். "எல்லாம் ஒரே மாதிரி தெரியுது கிருபா. எது நல்ல தோலு, எது கெட்டதுன்னே தெரியல" என்றார். அதோடு லீவில் உட்கார்ந்துவிட்டார். தூக்கம் போனது. ஜெனி பக்கத்தில் வந்தால், "தள்ளி உக்காரு" என்பார். தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். குடும்ப ஜெபத்தில் எப்போதும் வேதம் வாசிக்கிறவர், "நீ படி" என்று புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

ஒரு நாள் காலையில் நான் டிபன் டப்பாவில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

"கிருபா, என் பி.எஃப். விஷயமா கம்பெனில யாரைப் பாக்கணும்னு தெரியுமா உனக்கு?"

"இப்போ எதுக்குங்க அது?"

"தெரிஞ்சி வெச்சிக்கோ. நான் இல்லன்னா நீதானே அலையணும்."

திரும்பிப் பார்த்தேன். கோபமோ அழுகையோ எதுவும் முகத்தில் இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல் கேட்டார். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவரைத் தனியாக விடவும் பயந்தேன். மெஷினில் உட்கார்ந்தால் ஊசி ஓடும், மனசு வீட்டில் கிடக்கும். நான் வருகிற வரைக்கும் ஷமீம் அக்காவின் மாமியாரோ, அக்காவோ ஏதாவது சாக்கில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

போதகர் ஐயா வந்து எங்களோடு உபவாசமிருந்து ஜெபித்தார். அவருக்கு நன்றி. கூட வந்த ஒரு சகோதரி மட்டும், "விசுவாசம் கம்மியாச்சின்னா மனசு இப்படித்தான் சோந்து போவும்" என்று சொல்லிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இவர் அதைப் பிடித்துக்கொண்டார். "சாவணும்னு நெனைக்கிறவன் விசுவாசியா? ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார் கிருபா" என்றார். அன்றிலிருந்து முழங்காலில் நிற்பதும் நின்றுபோனது.

நான் அழுதேன். ஆண்டவரோடு சண்டை போட்டேன். உமக்குக் காது இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

ஷமீம் அக்காதான் ஒரு நாள் கேட்டார்கள். "டாக்டர் இன்னா சொல்றாரு?"

"அவர்கிட்ட இவரு சொன்னாத்தானேக்கா. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன் சார்ங்கிறாரு. தூக்கம் வருதான்னா, வருது சார்ங்கிறாரு."

"அப்போ நீ சொல்லு. கேக்கறதுக்குத்தானே வேலூர் வரைக்கும் போறீங்க? நீ ஜெபம் பண்ணு, நானும் துவா கேக்கறேன். ஆனா அங்க போயி ஊமையாட்டம் உக்காராதே."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தணிந்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தத் தடவை டாக்டர்கிட்ட இன்னா இன்னா கேக்கணும்னு பேசி வெச்சிக்கலாங்க" என்றேன். கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். என் டம்ளரில் ஜெனி குடித்தால் ஒட்டுமா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் மாத்திரையை ஊசிக்கு முன்னாலேயே போடலாமா. மறுபடி தோல் வெட்டுகிற வேலைக்குப் போக முடியுமா. ஊசியைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றேன். "மனசப் பத்தி."

முகம் மாறியது. "அத மட்டும் கேக்காதே. கேட்டே, அங்கேயே எழுந்து வந்துடுவேன். அப்புறம் ஊசியும் வேணாம், ஆஸ்பத்திரியும் வேணாம். மெண்டலுன்னு எழுதிடுவாங்க. ஜெனிய நாளைக்கு யாரு கட்டிக்குவான்? என்மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்யமாட்டேன் என்றேன். ஆனால் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை. கேட்டால் ஆஸ்பத்திரி நின்றுபோகும். கேட்காவிட்டால் ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் அவர் இருக்கமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

வேலூருக்குப் போன அன்று, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வங்காளத்திலிருந்து வந்தவர்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்று நடக்க இடமில்லாத கூட்டம். யார் பேசுவதும் யாருக்கும் புரியாது. முகத்தில் இருந்த பயம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. நான் கண்ணை மூடினேன். என்னிடம் நீளமான ஜெபம் எதுவும் இல்லை. "ஆண்டவரே, இவரு என் வாயைக் கட்டிட்டாரு. நீர் அவர் வாயைத் திறந்துவிடும். இன்றைக்கே. அடுத்த மாதம்வரைக்கும் என்னால் காவல் இருக்க முடியாது." அவ்வளவுதான்.

உள்ளே போனோம். பேசி வைத்ததையெல்லாம் இவரே கேட்டார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். கூடச் சாப்பிடுவதாலோ டம்ளராலோ பரவாது, ரத்தம் படுகிற சவரக் கத்தி, பல் தேய்க்கிற பிரஷ் இவற்றை மட்டும் தனியாக வையுங்கள் என்றார். மாத்திரையை ஊசிக்கு முன்னால் போடலாம் என்றார். பாதியில் நிறுத்தினால் கிருமி திரும்ப வந்துவிட வாய்ப்பு அதிகம் என்றார். வேலையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்றார். கடைசியில் வழக்கம்போல், "மனசு எப்படி இருக்கு? தூக்கம்?"

"நல்லா இருக்கேன் சார்."

என் உள்ளம் உடைந்தது. டாக்டர் சீட்டை எழுதிக் கொடுத்தார். எழுந்தோம். இவர் முன்னால் போய்க் கதவில் கை வைத்தார். அப்படியே நின்றார். அடுத்த ஆளைக் கூப்பிட நர்ஸ் வாசலில் வந்து நின்றார். அப்போதும் இவர் நகரவில்லை. பிறகு திரும்பினார்.

"சார். காலைல எழுந்ததும் செத்துடணும்னு தோணுது. தினமும். இது மருந்தா, இல்ல நானா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னார். எழுந்து வந்து இவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மருந்து" என்றார். "நீங்க இல்ல. இந்த ஊசி சில பேருக்கு இப்படிப் பண்ணும். காய்ச்சல் வர்ற மாதிரிதான் இதுவும். சொன்னீங்களே, நல்லது பண்ணீங்க."

இவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கால் முறிந்தபோதுகூட அழாதவர். எத்தனையோ வாரமாக, தான் கெட்டவன், விசுவாசம் அற்றவன், ஆண்டவரால் தள்ளப்பட்டவன் என்று சுமந்துகொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் அதைக் கீழே இறக்கி வைத்தார்.

அன்றைக்கே ஊசியை நிறுத்தினார்கள். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். கொஞ்ச நாள் அங்கேயே தங்கினோம். யாரும் மெண்டல் என்று எழுதவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், பேச வைத்தார்கள். ஒரே நாளில் வெளிச்சம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வாரக் கணக்கில் இருட்டுதான். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, "இன்னா கிருபா, கொழம்புல உப்பு கம்மியா கீது" என்றார். நான் உப்பு எடுக்கிற சாக்கில் சமையல் கட்டுக்குள் போய், சேலையை வாயில் வைத்து அழுதேன். மண்ணாக இருந்த சாப்பாட்டில் அவருக்கு உப்பு தெரிந்துவிட்டதே!

கிருமி? அது திரும்ப வந்துவிட்டது. சில மாதம் கழித்துச் சோதித்தபோது டாக்டர் மறைக்காமல் சொன்னார். மறுபடி அந்த ஊசியைப் போட முடியாது, உயிருக்கு ஆபத்து என்றார். பஸ் ஏறி ஆம்பூர் வந்தோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். இவர்தான் ஜெபித்தார். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்று ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அவர் ஜெபத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

இப்போது சில வருஷம் ஆகிவிட்டது. ஈரல் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கிறோம். கம்பெனியில் பாக்கிங் வேலை கொடுத்திருக்கிறார்கள். சில நாள் களைத்துப்போய்ச் சீக்கிரம் வந்துவிடுவார். இனி என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியாது. சபையில் சிலர், "முழு சுகம் கிடைச்சிடுச்சா சிஸ்டர்?" என்று ஆசையோடு கேட்கிறார்கள். இல்லை என்று சொல்கிறேன். அவர்கள் முகம் வாடுகிறது. நான் கேட்டதைப் பெற்றுக்கொண்டவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கிருமியை எடுத்துவிடும் என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் வாயைத் திறந்துவிடும் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். கதவைத் தாண்டுவதற்குள் பதில் வந்தது.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கலாம். அன்பானவர்களே, அது விசுவாசம் இல்லை. உள்ளதை உள்ளபடியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. அதே வாயால் டாக்டரிடமும் சொல்லுங்கள். சொல்லப் பயமாக இருந்தால், சொல்லுகிற தைரியத்தையே ஜெபமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரைத் தனியாக விடாதீர்கள். அவருக்காக நீங்கள் கேளுங்கள்.

என் கணவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "டாக்டர் தோளைப் பிடிச்சாரே, அத விட்டுடாதே" என்றார். விடவில்லை. அந்தக் கைக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.