அக்காவின் வாணமும் ஐயாவின் உபயமும்

வாணவேடிக்கையைப் படம் பிடிக்கச் சொல்லித் தரும் காணொளிக்காரர்கள் யாரும் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்ததில்லை. கெமரா ஸ்டாண்டைச் சமதரையில் வை என்கிறார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இருக்கிற ஒரே சமதரை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம்தான். திருவிழா அன்று அங்கே பிரமுகர்களுக்கு நாற்காலி போட்டுவிடுவார்கள். வாணம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று முன்கூட்டியே விசாரித்து வை என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வித்தையில் நான் இறங்கியது அக்காவுக்காக. அவள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். போன வருடம் அவளுடைய மகள் காய்ச்சலில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலை செய்யும் நாட்டிலிருந்தபடியே அம்மனுக்கு ஒரு வாணம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து ஓடித் திரிகிறாள். நேர்த்தியைச் செலுத்த அக்காவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை.

"நேந்தது மேல போறத நான் கண்ணால பாக்கணும்டா. இல்லாட்டி எனக்கு மனசு ஆறாது," என்றாள்.

வீடியோ கோல் போடலாம் என்றால், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் சிக்னல் பிடிக்கத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கோயில் தெரியாது. ஆக, பதுளை டவுனில் போன் ரிப்பேர் செய்து பிழைக்கிற நான், ஒரு பழைய கெமராவை வாங்கிக்கொண்டு கலைஞனாகிவிட்டேன்.

தீபாவளிக்கு ஒத்திகை பார்த்தேன். முதல் படத்தைக் காட்டியதும் அம்மா, "இது என்னடா, மண்புழுவா?" என்று கேட்டார். இரண்டாவது படம் கரிச்சட்டி. மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரரின் வழுக்கை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. அவர் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கெமராவின் கண்ணைச் சில விநாடிகள் திறந்து வைக்க வேண்டும், அதுவரை மூச்சுக்கூட அதன்மேல் படக் கூடாது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. தேயிலைச் சரிவில் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். என் காலில் அட்டை ஏறும். தட்டிவிட்டால் படம் போச்சு, விட்டுவிட்டால் ரத்தம் போச்சு. நான் படத்தின் பக்கம் நின்றேன்.

ஆனால் அட்டையைவிடப் பெரிய தொல்லை ஒலிபெருக்கி. எங்கள் தோட்டத்தில் வாணம் சும்மா மேலே போகாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. அவருடைய பெருமையைச் சொல்லி முடித்த பிறகுதான் திரியில் நெருப்பு வைப்பார்கள். வாணம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பெருமை முடிவதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். இதில் வரிசை வேறு. முதலில் அரசியல்வாதி, பிறகு தோட்டத்தை நடத்தும் துரை, கோயில் கமிட்டித் தலைவர், கடை முதலாளிகள். லயத்து ஆட்கள் அதற்குப் பிறகு, அதிலும் பெண்கள் கடைசி. அதற்குள் பள்ளத்திலிருந்து பனி ஏறிவிடும். லயத்து வாணங்கள் வருடா வருடம் பனிக்குள்தான் வெடிக்கும். பால் தேத்தண்ணிக்குள் டோர்ச் அடித்ததுபோல் ஒரு வெளிச்சம் தெரியும், கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அக்காவுடையதை முன்னால் விடும்படி கமிட்டிச் செயலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒலிபெருக்கியும் அவர் கையில்தான்.

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி. ஐயா வேற வர்றாரு," என்றார்.

ஐயா என்பவர் பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர். பதவி போனபின் பக்தி வந்தவர்.

திருவிழா அன்று இரவு செயலாளர் ஐயாவின் பெருமையைத் தொடங்கினார். ஐயாவின் அப்பாவுக்கு வந்து, தாத்தாவுக்குப் போய், மறுபடியும் ஐயாவிடம் திரும்பும்போது, கீழ் லயத்துக் கூரைகளைப் பனி மூடிவிட்டது. என் பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்தார். டோர்ச்சை என் கையில் திணித்துவிட்டுத் தேயிலைக்குள் விறுவிறுவென்று இறங்கினார்.

வாணம் விடுகிறவர் ஃபெக்டரியில் வேலை செய்கிறவர், அம்மாவுக்குத் தம்பி முறை. அங்கே நடந்ததை அம்மா பிறகு சொன்னார்.

"தம்பி, எவ்வளவு நேரந்தான் நெருப்பக் கையில வச்சிக்கிட்டு நிப்ப? நம்ம புள்ளையோடத விட்டுரு."

"இன்னும் பேரு சொல்லலையேக்கா."

"பேரு அம்மனுக்குத் தெரியும். நீ பத்த வை."

அம்மா குனிவதும் நெருப்பு மினுங்குவதும் மேலே சரிவில் நின்ற எனக்குத் தெரிந்தன. கெமராவைத் திறந்தேன். கழுத்தில் ஓர் அட்டை ஊர்ந்தது, ஊரட்டும் என்று விட்டேன். "மக்கள் மனதில் குடியிருக்கும்..." என்று செயலாளர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாணம் சீறிப் போய்க் கோபுரத்துக்கு மேல் சிவப்பாக விரிந்தது. திடுக்கிட்ட செயலாளர் சட்டென்று சமாளித்து, "இதோ, ஐயாவின் உபயம்!" என்றார். கைதட்டல் மலையில் எதிரொலித்தது. ஐயா எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். கெமராத் திரையில் பார்த்தேன். இதழ் இதழாக, ஒரு நூல்கூட அசையாமல் விழுந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் பனிக்குள் அக்காவின் பெயரைச் சொல்லி ஒன்றை விட்டார்கள். அது ஐயாவுடையது. என்ன நிறம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

படத்தை உடனே அக்காவுக்கு அனுப்பினேன். பெருமை தாங்காமல், 'அக்காவின் நேர்த்தி' என்று எழுதித் தோட்டத்து வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அடுத்த கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் ஒன்று தொங்கியது. மேலே என் படம். நான் எழுதியதைக் காணவில்லை. படத்துக்குக் கீழே வெட்டி ஒட்டிய ஐயா கைகூப்பி நின்றார். 'மலையகத்தின் ஒளியே' என்று எழுதியிருந்தது. கிழித்துப் போடலாம் என்ற கொதிப்பில் அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"கிழிக்காதடா. முழுசாத் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு," என்றாள்.

அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இங்க இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் காட்டிட்டேன்டா. எம் புள்ளைக்காக விட்ட வாணத்த, எவ்வளவு பெரிய மனுசன் கையெடுத்துக் கும்பிடுறான் பாருங்கன்னு!"